கல்லாப் பெட்டியில் நான்கு சிங்கங்கள்

வணிகப் பெருமக்களே, இதைப் படிக்கும் முன் கல்லாவைத் திறந்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து மேசைமேல் வையுங்கள். அதில் சிங்கம் இருக்கிறது. எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மூன்று என்பீர்கள். நான்காவது சிங்கம் பின்பக்கம் திரும்பி நிற்கிறது, நம் கண்ணுக்குத் தெரியாது. சிங்கங்களுக்குக் கீழே நாகரி எழுத்தில் பொடியாக ஒரு வாசகம் இருக்கும். நாளெல்லாம் இந்தக் காசை வாங்கிக் கொடுக்கிற நம்மில் எத்தனை பேர் அதை வாசித்திருப்போம்?

நாம் இதை எழுத நேர்ந்தது ஒரு காலண்டரால். பெரும்பாக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர், வழக்கம்போல் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கத் தினசரி காலண்டருக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். ஆயிரம் காலண்டர். மாதிரித் தாள் வந்த அன்று சந்தா வசூலுக்காக நாம் அவர் கடையில் இருந்தோம். பிரித்துக் காட்டினார். உச்சியில் அரசாங்கச் சிங்கமுகச் சின்னம். அதன் கீழ் "வாய்மையே வெள்ளும்" என்று எழுத்துப் பிழையோடு ஒரு வரி. அதற்கும் கீழே கடைப் பெயர், அரிசி மார்க்கா, போன் நம்பர்.

"என்ன அண்ணாச்சி இது, தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு?" என்று கேட்டோம்.

"ஒரு மதிப்பா இருக்கட்டுமேன்னுதான் போடச் சொன்னேன். நாட்டுச் சின்னம்தானே, நமக்கும் சொந்தம்தானே?" என்றார்.

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. நாட்டுச் சின்னம் நாட்டு மக்களுக்குச் சொந்தமில்லையா? பதிலைச் சொல்லுமுன் அந்தச் சின்னம் எங்கிருந்து வந்தது, என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

காசிக்குப் பக்கத்தில் சாரநாத் இருக்கிறது. புத்தர் தம் முதல் உபதேசத்தைச் செய்த இடம். அங்கே அசோகச் சக்கரவர்த்தி கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 250 ஆண்டுகளுக்கு முன் ஒரே கல்லில் தூண் ஒன்றை நாட்டி, அதன் தலையில் முதுகோடு முதுகு ஒட்டிய நான்கு சிங்கங்களை அமைத்தார். காலப்போக்கில் தூண் உடைந்து மண்ணுக்குள் போயிற்று. 1904-05இல் ஓர்ட்டல் என்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் அங்கே தோண்டியபோது அந்தச் சிங்கத் தலை வெளிப்பட்டது. இன்று சாரநாத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏழு அடி உயரம்.

சிங்கங்கள் நிற்கும் வட்டப் பீடத்தைச் சுற்றி யானை, குதிரை, காளை, சிங்கம் ஆகிய நான்கும் செதுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு விலங்குகளுக்கு நடுவே ஒவ்வொரு சக்கரம். நம் அரசுச் சின்னத்தில் முன்பக்கம் மட்டும் தெரிவதால் நடுவில் ஒரு சக்கரமும், அதன் வலப்புறம் காளையும், இடப்புறம் பாயும் குதிரையும் தெரியும். கீழேயிருந்த கவிழ்ந்த தாமரையை விட்டுவிட்டார்கள். 1950 ஜனவரி 26, குடியரசு நாளன்று இது இந்திய அரசின் சின்னமாயிற்று. படமாக வரைந்தவர் தீனாநாத் பார்கவா என்ற இளைஞர். சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸின் மாணவர். சிங்கத்தின் முகம் சரியாக வர வேண்டும் என்பதற்காகக் கல்கத்தா மிருகக்காட்சி சாலைக்குப் பலமுறை போய் நின்று பார்த்தாராம்.

காளை உழைப்பு, குதிரை வேகம் என்று பள்ளிக்கூடப் பாணியில் அர்த்தம் சொல்வார்கள். நமக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அசோகர் கலிங்கப் போரில் ஜெயித்த அரசர். ஜெயித்த பிறகு, செத்தவர்களை நினைத்து வருந்துகிறேன் என்று கல்லிலேயே வெட்டி வைத்தவர். தம் ஆட்சிக்கு உட்படாத தெற்குத் தேசங்களாகச் சோழரையும் பாண்டியரையும் அதே கல்வெட்டுகளில் பெயர் சொல்லிக் குறித்தவரும் அவர்தாம். நாலு திசையும் பார்த்து நிற்கும் சிங்கங்கள் நாலு திசைக்கும் அறத்தை முழங்குகின்றன என்பதே அந்தத் தூணின் கருத்து. ஆயுதமோ கிரீடமோ அதில் இல்லை. ராஜா தலை போட்ட காசு போய், 1950இல் வந்த புதுக் காசுகளில் இந்தத் தூண்தான் ஏறியது. அதற்கு முந்திய ஆண்டே ஒரு ரூபாய் நோட்டில் ஜார்ஜ் மன்னர் இருந்த இடத்தில் சிங்கங்கள் வந்துவிட்டன.

நாகரி எழுத்தில் உள்ள வாசகம் "சத்யமேவ ஜயதே". முண்டக உபநிடதத்திலிருந்து எடுத்தது. சத்தியமே வெல்கிறது என்று பொருள். இந்த வாசகம் இல்லாவிட்டால் சின்னம் பூர்த்தியாகாது.

கோபுரமும் வாய்மையும்

நம் மாநிலச் சின்னத்தில் சிங்கங்கள் இருக்கின்றன, இருபுறமும் தேசியக் கொடி இருக்கிறது, பின்னால் ஒரு கோபுரம் எழுந்து நிற்கிறது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த காலத்தில் தொடங்கிய முயற்சி இது. 1949இல் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ் வரைந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் என்றுதான் நாமெல்லாம் படித்திருக்கிறோம். ரசிகமணி டி.கே.சி. எடுத்துக் கொடுத்த யோசனை என்பார்கள். கிருஷ்ணா ராவோ மதுரைக்காரர். தாம் மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரத்தைப் பார்த்துத்தான் வரைந்ததாகச் சொல்லியிருக்கிறார். மதுரைக்காரர்களும் வில்லிபுத்தூர்க்காரர்களும் இதை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. நம் சங்கத்தில் இரண்டு ஊர்க்காரர்களும் இருப்பதால் நாம் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை.

ஆரம்பத்தில் இதிலும் வடமொழி வாசகமே இருந்தது. 1967இல் அண்ணா முதலமைச்சரான பிறகு அது "வாய்மையே வெல்லும்" என்று தமிழாயிற்று. "உண்மையே வெல்லும்" என்று போட்டிருக்கலாம். அதுதான் நேர் அர்த்தம். போடவில்லை. பழைய புலவர்கள் உள்ளத்தில் இருப்பது உண்மை, வாயில் வருவது வாய்மை, உடம்பால் செய்வது மெய்மை என்று பிரித்துச் சொல்வதுண்டு. வள்ளுவர் வாய்மைக்கு ஓர் அதிகாரமே வைத்து, பிறருக்குத் தீங்கு தராத சொல்லே வாய்மை என்று அளவுகோல் போட்டுக் கொடுத்தார். (இதில் சந்தேகம் உள்ளவர்கள் வெகுதூரம் போக வேண்டாம். செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் 2022 ஜனவரியில் நம் பெரும்பாக்கத்திலேயே புதுக் கட்டடம் திறந்துவிட்டது. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு நடந்தே போய்க் கேட்டு வரலாம்.)

வாய் என்பது நம் தொழிலில் முதலீட்டில் பாதி. கொத்தவால் சாவடியில் சரக்கெடுத்த பழைய ஆட்களைக் கேளுங்கள். காய்கறி வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போகும்வரை அந்தச் சந்துகளில் லட்ச ரூபாய்ச் சரக்கு ஒரு வார்த்தையில் கைமாறும். சீட்டு பிறகுதான் வரும், சில சமயம் வராமலும் போகும். "வெள்ளிக்கிழமை தர்றேன்" என்றால் வெள்ளிக்கிழமை பணம் வந்தாக வேண்டும். தவறினால் அடுத்த வாரம் அந்த வரிசையில் எந்த மண்டியிலும் சரக்குக் கிடைக்காது. இன்றும் நம் தெருவில் பால் பாக்கெட்டும் பருப்பும் நோட்டுக் கணக்கில்தான் போகின்றன. ஜி.எஸ்.டி. பில்லும் கியூ.ஆர். கோடும் வந்தும் அந்த நாற்பது பக்க நோட்டு போகவில்லை.

வணிகனுக்கும் கொடி இருந்தது

சின்னம் என்பது அரசனுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. புலி சோழனுக்கு, மீன் பாண்டியனுக்கு, வில் சேரனுக்கு என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்திருக்கும் வளையத்தில் ஒரு முத்திரை இருக்கிறது. அதில் புலி உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் இரண்டு மீன், கூடவே வில். எதிரியின் சின்னத்தையும் தன் முத்திரைக்குள் அடக்கி, "அவர்கள் எனக்குக் கீழே" என்று சொல்லாமல் சொன்ன முத்திரை.

அதே காலத்தில் ஐந்நூற்றுவர், மணிக்கிராமம் என்று பெரிய வணிகக் குழுக்கள் இருந்தன. ஐந்நூற்றுவருக்குக் காளைக் கொடி உண்டு. அவர்கள் கல்வெட்டுகள் சிலவற்றின் மேலே காளை, கலப்பை, விளக்கு, கத்தி என்று தொழில் அடையாளங்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளூர்க் கோயிலோடு அவர்கள் எல்லை நிற்கவில்லை. சுமத்ரா தீவில், கற்பூரத்துக்குப் பேர்போன பாரூஸ் அருகே லோபு துவா என்ற இடத்தில், 1088ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர் வைத்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. தாய்லாந்தின் தக்குவாபாவில் மணிக்கிராமத்தாரின் பெயர் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு அதற்கும் முந்தியது. கடல் தாண்டிய ஊரில் அந்தப் பெயருக்கு மதிப்பிருந்ததால்தான் சரக்கு நகர்ந்தது. எந்த அரசனின் புலியையும் அவர்கள் இரவல் வாங்கவில்லை என்பதை அண்ணாச்சியிடம் அழுத்திச் சொன்னோம்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு, அதுவும் நம் சென்னையை ஒட்டியதே. 1600 டிசம்பர் 31 அன்று லண்டனில் வியாபாரிகள் சிலர் சேர்ந்து தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கேடயமும் கப்பலும் கொண்ட சின்னம் கிடைத்தது. கூடவே ஒரு லத்தீன் வாசகம்: கடவுள் வழிநடத்தினால் எதுவும் தீங்கு செய்யாது என்பது அதன் கருத்து. கடலில் காசைப் போடும் வியாபாரியின் பிரார்த்தனை அது. மூட்டைகளுக்குத் தனி மார்க்கா வைத்தார்கள். இருதயம் போல ஒரு வடிவம், உள்ளே கம்பெனியின் முதலெழுத்துகள், தலையில் நாலு என்ற எண்ணைப் போன்ற குறி. துணி மூட்டை எது, யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. போகப் போக அந்த மூட்டை மார்க்காவையே செப்புக் காசில் அடித்தார்கள். 1709இல் போட்டிக் கம்பெனியோடு இணைந்த பிறகு வாசகமும் மாறிற்று: இங்கிலாந்தின் அரசர், பாராளுமன்றம் ஆகியோரின் ஆணைப்படி என்று. கடவுளைக் கும்பிட்டு வந்தவர்கள் நூறு வருடத்தில் ஆணை பேசத் தொடங்கிவிட்டார்கள். அடுத்து நடந்தது நமக்குத் தெரியும். 1858இல் மகாராணியின் அரசு கம்பெனியின் கையிலிருந்து ஆட்சியை எடுத்துக்கொண்டது.

கம்பெனியின் நிழல் இன்றும் நம் நோட்டில் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? ரிசர்வ் வங்கியின் முத்திரையைப் பாருங்கள்: புலியும் பனைவகை மரமும். 1935இல் வங்கி தொடங்கியபோது, கம்பெனிக் காலத்து இரட்டை மொகரில் இருந்த சிங்கத்தையும் மரத்தையும் மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். சிங்கத்தைவிடப் புலிதான் இந்தியாவுக்குப் பொருத்தம் என்று விலங்கை மட்டும் மாற்றினார்கள். ஆக, ஒரே நோட்டில் அரசின் சிங்கமும் வங்கியின் புலியும் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் போல நிற்கின்றன.

அண்டை நாடுகளையும் ஒரு நோட்டம் பார்க்கலாம். சிங்கப்பூர்ச் சின்னத்தில் ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் புலி. வாசகம் "மஜுலா சிங்கப்புரா", முன்னேறட்டும் சிங்கப்பூர் என்பது. மலேசியாவுக்கு இரண்டு புலிகள், ஒற்றுமையே பலம் என்ற பொருளில் மலாய் வாசகம். இலங்கையின் சின்னத்தில் வாளேந்திய சிங்கம், நெற்கதிர், நிறைகுடம், சூரிய சந்திரர் எல்லாம் உண்டு, வாசகம் கிடையாது. மொரீஷியஸில் லத்தீன்: இந்தியப் பெருங்கடலின் நட்சத்திரமும் திறவுகோலும் என்று. அங்கே நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழும் அதற்குப் பின் இந்தியும் இருந்து வந்தன. 1998இல் வந்த புது நோட்டுகளில் தமிழைப் பின்னுக்குத் தள்ளியதும் தமிழர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அரசு அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தது. காசில் ஓர் எழுத்து இடம் மாறினால்கூட மக்கள் சும்மா இருப்பதில்லை.

பத்து ரூபாய்க் காசும் நாமும்

இனி நம் மீதே உள்ள ஒரு குறையைப் பேச வேண்டும். மேசைமேல் எடுத்து வைத்தீர்களே, அந்தப் பத்து ரூபாய் நாணயம். சில வருடங்களுக்கு முன் தாம்பரம் முதல் செம்மஞ்சேரி வரை எத்தனை கடைகளில் "இது செல்லாது" என்று அதைத் தள்ளினோம்! 2009இல் புழக்கத்துக்கு வந்த காசு அது. 2010 ஜூலையில் ரூபாய்க்குப் புதுக் குறியீடு வந்தது. அதை வரைந்தவரும் நம் தமிழ் இளைஞர் உதயகுமார். அடுத்த ஆண்டிலிருந்து காசில் அந்தக் குறியீடு ஏறியது. குறியீடு இருப்பது நிஜம், இல்லாதது போலி, பத்துக் கோடு நல்லது, பதினைந்து கோடு கள்ளக் காசு என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று அறிவித்தது. அப்படியும் பல மாதங்கள் நாம் வாங்கவில்லை. கேட்டால், "மொத்தக் கடையில் வாங்க மாட்டேங்கிறாங்க" என்போம். மொத்தக் கடைக்காரர் சில்லறைக் கடைக்காரரைக் கை காட்டுவார். இடையில் மாட்டிக்கொண்டது, பால் வாங்க வந்த கிழவியின் முந்தானையில் முடிந்திருந்த நான்கு காசு.

ரிசர்வ் வங்கி நோட்டில் "கொண்டுவருபவருக்குத் தருவேன்" என்று கவர்னர் கையெழுத்துப் போட்டு உறுதி சொல்கிறார். நாணயத்தில் கையெழுத்தும் கிடையாது, உறுதிமொழியும் கிடையாது. அங்கே சிங்கம்தான் கையெழுத்து. அந்தச் சிங்கத்தைப் பார்த்தும் செல்லாது என்று சொன்னவர்கள், அதே சிங்கத்தைக் காலண்டரில் போட்டால் கடைக்கு மதிப்பு வரும் என்று நினைக்கிறோமே! இதைச் சொன்னதும் அண்ணாச்சி சிரித்துவிட்டார். அவரும் அந்த நாளில் தள்ளியவர்தான், நாமும்தான்.

ஒரு தகவல்: 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நாணயங்களில் ஆயிரம் ரூபாய் வரை கொடுத்தால் அது சட்டப்படி செல்லும் பணம். ஒரே கணக்குக்கு மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினால் ஆயிரத்துக்கு மேல் வாங்கும் கட்டாயம் நமக்கு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது

இப்போது அண்ணாச்சியின் கேள்விக்கு வருவோம். 1950லேயே சின்னங்கள், பெயர்கள் முறையற்ற பயன்பாட்டைத் தடுக்கும் சட்டம் ஒன்று வந்தது. மத்திய அரசு, மாநில அரசு இவற்றின் சின்னங்கள், தேசியக் கொடி, அசோகச் சக்கரம் போன்றவற்றை மத்திய அரசின் அனுமதியில்லாமல் வியாபாரத்துக்கோ டிரேட் மார்க்குக்கோ பயன்படுத்தக் கூடாது. காந்தியடிகளின் பெயரும் படமும் இதில் அடக்கம். காலண்டரைப் பற்றியே அந்தச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது: காந்தியடிகள், நேரு போன்றோர் படத்தைக் காலண்டரில் போடலாம், ஆனால் அதில் காலண்டரைத் தயாரித்தவர், அச்சிட்டவர் பெயர் மட்டும் இருக்க வேண்டும், சரக்கு விளம்பரமாக அது இருக்கக் கூடாது. சிங்கமுகச் சின்னத்துக்கு அந்தச் சலுகையும் இல்லை. அந்தச் சட்டம் வந்தபோது அபராதம் 500 ரூபாய் வரை. அதைப் பலர் மதிக்கவில்லை.

பிறகு அரசுச் சின்னத்துக்கென்றே 2005இல் தனிச் சட்டம் வந்தது. அரசாங்கத்தோடு தொடர்புடையது என்று பார்ப்பவர் நினைக்கும்படி சின்னத்தையோ அதைப் போன்ற ஒன்றையோ போடுவது குற்றம். வியாபாரத்துக்குப் போடுவது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதில் எழுதினார்கள். "நான் கொஞ்சம் மாற்றித்தான் வரைந்தேன்" என்று தப்பிக்கவும் வழியில்லை. டிரேட் மார்க் பதிவு செய்யப் போனாலும், 1950ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கும் சின்னம் என்றால் பதிவு கிடைக்காது. மருந்துக் கடை வைத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை செஞ்சிலுவை அமைப்புக்கு உரியது. அதற்கு 1960ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைச் சட்டம் இருக்கிறது. போர்டில் அதை எழுதியிருந்தால் பச்சையாகவாவது மாற்றி எழுதிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? யோசித்துப் பாருங்கள். அண்ணாச்சி அரிசி மூட்டைக்கு ஒரு மார்க்கா வைத்திருக்கிறார். வேறொருவன் மட்ட அரிசியை அதே மார்க்காப் பையில் போட்டு விற்றால் அவர் சும்மா இருப்பாரா? "சிங்கமும் அப்படித்தான் அண்ணாச்சி, அது அரசாங்கத்தோட மார்க்கா" என்றோம். படித்த ஆளுக்கு அது வெறும் அலங்காரமாகத் தெரியலாம். ரேஷன் கார்டுக்கும் பட்டாவுக்கும் அலைந்து அலைந்து அந்தச் சின்னத்தைக் கண்டாலே கையெடுத்துக் கும்பிடும் ஒரு பெரியவர் நம் கடைக்கு வருகிறார். அவருக்கு அது அரசாங்கத்தின் வாக்கு. அதை நாம் புளிக்கும் மிளகாய்க்கும் மேலே ஒட்ட முடியாது.

"சரி, வாசகத்தையாவது போட்டுக்கலாமா?" என்றார். அதுவும் வேண்டாம் என்றோம். சிங்கமில்லாமல் போட்டாலும் மக்கள் அதை அரசு முத்திரையின் ஒரு பகுதியாகத்தான் வாசிப்பார்கள். போதாக்குறைக்கு "வெள்ளும்" வேறு.

அச்சகத்துக்கு உடனே போன் போட்டார். நல்ல வேளை, ஓட்டம் தொடங்கவில்லை. பிளேட் செலவு மட்டும் போயிற்று. பிறகு உள்ளே போய்ப் பரணிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கினார். அவர் தகப்பனார் திசையன்விளையில் பெட்டிக்கடை வைத்திருந்த நாளில் பயன்படுத்திய பித்தளைத் தராசு. ஒரு தட்டு லேசாக நசுங்கியிருந்தது. சங்கிலி கறுத்துப் போயிருந்தது. புளி போட்டுத் தேய்த்து, கடைப் பையனின் செல்போனில் படம் எடுத்து அச்சகத்துக்கு அனுப்பினார்.

இரண்டாவது மாதிரித் தாள் போன வாரம் வந்தது. சிங்கம் இருந்த இடத்தில் தராசு. நன்றாகத்தான் இருக்கிறது. கடைப் பெயரில் ஒரு கால் விடுபட்டிருக்கிறது. திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.